அழுகாத பாதி

தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் வழங்கிய காலத்தில் அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது, அவனுக்காக ஒரு கல் நட்டார்கள். மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வணங்கிய அந்த நடுகல்லை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பின்னால் பல்லவர் காலம் வந்தபோது, ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட சாமானிய வீரர்களுக்கும் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கற்கள் எழுந்தன. மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் விழுந்த விதம் எல்லாம் வட்டெழுத்தில் வெட்டப்பட்டன. மலையடிவாரத்தில் கிடந்தவரை அது வெறும் பாறைத் துண்டு. அதைக் கண்டு தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளையும் கடந்த பிறகு அது தெய்வம். கல்லின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேலே ஏறிய சொல்லும், அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்ட ஊரும்தான் அதற்கு மதிப்பைக் கொடுத்தன. அந்தச் சொல்லை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து விலைபேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது தோன்றுவதற்கு நியூயார்க் நகரத்துச் சாமான் கடை ஒன்று வேண்டியிருந்தது.

1917 ஏப்ரல். நியூயார்க்கில் சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் தன் முதல் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. விதி எளிமையானது: 6 டாலர் கட்டிய எவரும் தன் படைப்பை வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது, பரிசும் கிடையாது. அந்தத் தாராளம் எதுவரை நீளும் என்று பார்க்க ஆசைப்பட்டார் சங்க நிர்வாகிகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் மார்செல் துஷாம்ப். ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி ஒன்றை வாங்கி, மல்லாக்கச் சாய்த்து, ‘ஆர். மட் 1917’ என்று கறுப்பு வண்ணத்தில் கையெழுத்திட்டு, ‘நீரூற்று’ என்று பெயர் சூட்டி, வேறொருவர் அனுப்பியதுபோல அனுப்பிவைத்தார். நிர்வாகக் குழு கூடிச் சண்டை போட்டது. 6 டாலர் கட்டியும் தொட்டி காட்சிக்கு வரவில்லை. துஷாம்ப் பதவியைத் தூக்கியெறிந்தார். புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டிகிலிட்ஸ் தன் காலரியில் அந்தத் தொட்டியை ஒரே ஒரு படம் எடுத்து வைத்தார். சில நாட்களில் தொட்டி காணாமல் போனது. உடைந்ததா, குப்பைக்குப் போனதா, எவருக்கும் தெரியாது. புகைப்படம் மட்டும் மிஞ்சியது.

அந்தப் புகைப்படம் போதுமானதாக இருந்தது என்பதுதான் முதல் திருப்பம். 47 ஆண்டுகள் கழித்து, 1964இல், மிலான் நகரக் கலை வணிகர் அர்த்துரோ ஷ்வார்ஸ் அந்தப் படத்தைக் கைவினைஞர்களிடம் கொடுத்து, அதேபோன்ற 8 தொட்டிகளைச் செய்யவைத்தார். கடையில் வாங்கிய பொருளுக்குக் கையால் செய்த நகல்! துஷாம்ப் எட்டிலும் ஒப்புதல் கையெழுத்து வைத்தார். அதில் ஒன்று 1999இல் சோதபீஸ் ஏலத்தில் 17 லட்சம் டாலரைத் தாண்டியது. தொலைந்தது அசல், விலைபோனது நகல். இடையில் நின்றது ஒரு கையெழுத்து. ஆனால் இங்கும் தொட்டி என்று ஏதோ ஒன்று இருந்தது. வாங்கியவர் வீட்டுக்குத் தூக்கிப்போக முடிந்தது. தூக்கிப்போக எதுவுமே இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்று பாரீஸில் ஒருவர் யோசித்தார்.

அவர் ஈவ் கிளைன். 1958இல் பாரீஸில் ஒரு காலரியை முழுக்கக் காலிசெய்து, சுவர்களுக்கு வெள்ளையடித்து, அந்த வெறுமையையே கண்காட்சி என்று திறந்துவைத்தவர். மறுஆண்டு இன்னும் ஒரு படி போனார். கண்ணுக்குத் தெரியாத ‘ஓவிய உணர்வுப் பகுதி’களைத் தங்கத்துக்கு விற்பதாக அறிவித்தார். தங்கத்தைக் கொடுத்தவருக்கு வங்கிக் காசோலைபோல அச்சடித்த ஒரு ரசீது. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. வாங்கியவர் ரசீதை நெருப்பில் போட வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் கிளைன் பாதித் தங்கத்தைச் சென் நதியில் வீச வேண்டும். அப்போதுதான் அந்த வெறுமை உண்மையாகவே வாங்கியவருக்குச் சொந்தம். சிலர் எரித்தார்கள், 1962 ஜனவரியில் இத்தாலிய எழுத்தாளர் தீனோ புத்சாட்டி நதிக்கரையில் நின்று தன் ரசீதைக் கொளுத்தினார். பழம்பொருள் வணிகர் ஜாக் கூகெல் மட்டும் 1959இல் வாங்கிய ரசீதை எரிக்காமல் வைத்துக்கொண்டார். கிளைனின் விதிப்படி அவர் ஏமாந்தவர். சந்தையின் விதிப்படி யார் ஏமாந்தவர் என்பது தெரிய 63 ஆண்டுகள் ஆயின. 2022இல் பாரீஸ் ஏலத்தில் கூகெலின் ரசீது 10 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. விதியை மதித்தவர்களிடம் சாம்பல். மீறிய காகிதத்துக்குப் பெருஞ்செல்வம்.

கிளைன் 1962இல் 34 வயதில் இறந்தார். அதற்குள் இத்தாலியில் பியரோ மன்ஸோனி சீண்டலை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டார். 1961 மே மாதம் 90 தகர டப்பாக்களை அடைத்து மூடி, ஒவ்வொன்றிலும் கலைஞனின் மலம் 30 கிராம் இருப்பதாக லேபிள் ஒட்டி, அன்றைய தங்க விலையில் அதே எடைக்கு விற்பதாக அறிவித்தார். டப்பாவைத் திறந்தால் மதிப்பு போய்விடும். திறக்காமல் உள்ளே இருப்பதை நம்ப முடியாது. வாங்கியவர் லேபிளைத்தான் நம்ப வேண்டும். அதே ஆண்டில் அவர் உயிருள்ள மனிதர்களின் உடலில் கையெழுத்திட்டு, இவர் இனி ஒரு கலைப்படைப்பு என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். 29 வயதில் மன்ஸோனியும் போய்ச் சேர்ந்தார். 2016இல் மிலான் ஏலத்தில் ஒரு டப்பா 2,75,000 யூரோவுக்கு விற்றது. தங்கம் எங்கோ பின்தங்கி நின்றது. கையெழுத்து, ரசீது, லேபிள், சான்றிதழ் என்று காகிதம் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. அது பொருளையே தோற்கடிக்கும் ஆயுதமாக மாறியது ஒரு வராக்கடனால்.

1963இல் நியூயார்க் சிற்பி ராபர்ட் மோரிஸ் ஈயத்தகடு போர்த்திய ஒரு பெட்டியை, சாவிக்கொத்தோடு செய்து முடித்தார். பெயர் ‘லிட்டனீஸ்’. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டார். பணம் மட்டும் வரவில்லை. மோரிஸ் கடன்காரன் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. ஒரு நோட்டரியிடம் போனார். ‘லிட்டனீஸ்’ படைப்பிலிருந்து அதன் அழகியல் தன்மை முழுவதையும் தான் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், இன்று முதல் அதற்கு அப்படி எந்தத் தன்மையும் கிடையாது என்றும் 1963 நவம்பர் 15 தேதியிட்டு எழுதிச் சத்தியப் பிரமாணம் செய்தார். பெட்டி ஜான்சன் வீட்டில் அப்படியே இருந்தது, கீறல்கூட விழவில்லை. ஆனால் ஒரு தாள் அதை வெறும் ஈயமாக்கிவிட்டது. ஜான்சன் என்ன செய்தார்? அந்தத் தாளையும் விலைக்கு வாங்கினார்! இன்று பெட்டியும் தாளும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கலைத்தன்மையைப் பறிக்கும் காகிதமே கலையாகிவிட்டால், கலைத்தன்மையைக் கொடுக்கும் காகிதம் எவ்வளவு பெறும்?

அதற்கு விடை எழுதியவர் சண்டைக்காரர் அல்ல, அமைதியான மனிதர். 1967இல் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் சோல் லெவிட் எழுதிய ஒரு கட்டுரை, கருத்துருக் கலை என்ற பெயரையே நிலைநிறுத்தியது. எண்ணம்தான் படைப்பு, செய்துமுடிப்பது வெறும் சடங்கு என்பது அதன் சாரம். மறுஆண்டு அக்டோபரில், வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் அமைப்புக்கு நிதி திரட்ட நடந்த கண்காட்சியில், பௌலா கூப்பர் காலரியின் சுவரிலேயே பென்சிலால் கோடுகள் இழுத்தார். கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டது. படைப்பு அழிந்ததா? இல்லை என்றார் லெவிட். கோடுகளை எப்படி இழுப்பது என்ற குறிப்பு இருக்கிறது. அதைப் பின்பற்றி எந்தச் சுவரிலும் எவரும் திரும்ப வரையலாம். ஆனால் அது லெவிட்டின் படைப்பு என்று சொல்லும் உரிமை, அவர் கையெழுத்திட்ட சான்றிதழும் வரைபடமும் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மட்டும். 2007இல் அவர் இறந்த பிறகும், மறுஆண்டு மாசசூசெட்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் 105 சுவரோவியங்கள் மற்றவர்கள் கையால் எழுந்தன. இறந்தவர் புதிதாக வரைந்துகொண்டே இருந்தார். அந்தக் காகிதம் தொலைந்தால்?

அதுவும் நடந்தது. சிகாகோ காலரி ஒன்றிடம் விற்பனைக்காக ஒப்படைத்த லெவிட் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று ஒரு சேகரிப்பாளர் 2012இல் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு 14 லட்சம் டாலர். சுவர் இருந்தது, பென்சில் இருந்தது, எப்படி வரைய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் தாள் இல்லாததால் படைப்பே கையைவிட்டுப் போய்விட்டது என்பது அவர் வாதம்.

இந்தக் காகிதத்தில் கலைஞனுக்கும் ஒரு பங்கு வேண்டாமா என்று 1971இல் ஒருவர் கேட்டிருந்தார். நியூயார்க் கண்காட்சி அமைப்பாளர் சேத் சீகலாப், வழக்கறிஞர் பாப் புரொஜான்ஸ்கியோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தப் படிவம் தயாரித்தார். படைப்பு ஒவ்வொரு முறை கைமாறும்போதும், கூடிய விலையில் 15 சதவீதம் கலைஞனுக்கு. காலரிகளும் சேகரிப்பாளர்களும் அதைக் கண்டும் காணாமல் போனார்கள். துணிந்து பயன்படுத்திய கலைஞர்கள் மிகச் சிலர். இந்தியாவில் 1994இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியம், சிற்பம் போன்றவற்றில் 10 சதவீதத்தைத் தாண்டாத பங்கைப் படைத்தவருக்கு அளிக்க இடம் கொடுத்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதற்கு முன்பே, காகிதம் எழுதிக்கொள்ளாத சீண்டலுக்கு என்ன கதி நேரும் என்பதை பம்பாய் பார்த்துவிட்டிருந்தது.

1992இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் ஓவியர் எம்.எஃப். உசேன் ‘ஸ்வேதாம்பரி’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார். அவருடைய குதிரை ஓவியங்களைத் தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது, தொங்கும் வெள்ளைத் துணிகளும் தரை முழுக்க இறைந்து கிடந்த கிழிந்த செய்தித்தாள்களும். விமர்சகர்கள் கொதித்தார்கள். வந்தவர்கள் காகிதக் குப்பையை மிதித்துக்கொண்டு திரும்பினார்கள். சான்றிதழ் இல்லை, வரைபடம் இல்லை, விற்பனைக்கும் எதுவும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் ‘ஸ்வேதாம்பரி’ பேச்சாக மட்டும் மிஞ்சியது. அதே உசேன் 1954இல் தூரிகையால் தீட்டிய ‘கிராம யாத்திரை’ நார்வேக்குப் போய், ஆஸ்லோ மருத்துவமனையில் பல்லாண்டுகள் தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அதற்கு 1 கோடியே 37 லட்சம் டாலர். அதுவரை எந்த நவீன இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. ஒரே கலைஞர், இரண்டு படைப்புகள். துணியில் தீட்டியது கோடியானது. எண்ணத்தில் தீட்டியது கரைந்துபோனது.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கலைஞர் கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ் பொருளுக்கும் விலைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியையே தொழிலாக்கிக் காட்டினார். 2009இல் இலங்கையில் போர் முடிந்த பிறகு கொழும்பில் புதிதாக முளைத்த காலரிகளில் இலங்கைக் கலைஞர்களின் ஓவியங்களை வாங்கி, தன் படைப்புகளுக்குள் பொருத்தி, மேற்கத்தியச் சந்தைக்குக் கொண்டுபோனார். ஓவியம் அதே ஓவியம்தான். மேலே ஏறியது ஒரு பெயர், ஒரு சட்டகம். கொழும்பு விலைக்கும் ஐரோப்பிய விலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தையே பார்வையாளர் முன் வைத்தார் அவர். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். எந்தப் பொருளின் மேல் அந்தப் பெயர் ஏறினாலும் விலை ஏறுமா என்று பார்க்க, ஒரு வாரத்தில் கெட்டுப்போகும் பொருள் ஒன்று வேண்டும்.

இத்தாலியக் கலைஞர் மௌரிஸியோ கட்டெலான் வெகுநாட்களாக ஒரு வாழைப்பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிசினில் வார்த்துப் பார்த்தார், சரிவரவில்லை. வெண்கலத்தில் வார்த்தார், அதற்கு வண்ணமும் பூசிப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த ஆர்ட் பேசல் சந்தையில், பெரோட்டின் காலரியின் வெள்ளைச் சுவரில், உள்ளூர்க் கடையில் வாங்கிய ஒரு பழம் சாம்பல் நிற டேப்பால் ஒட்டப்பட்டது. பெயர் ‘காமெடியன்’. மூன்று பிரதிகள். முதல் இரண்டும் 1,20,000 டாலர் வீதம் விற்றன, மூன்றாவதற்கு 1,50,000. உலகம் சிரித்தது, திட்டியது, சுவர்களில் கத்திரிக்காயும் செருப்பும் ஒட்டிப் படம் போட்டது. அப்போதுதான் பசித்த ஒருவர் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

நியூயார்க்கில் வாழ்ந்த ஜார்ஜிய நாட்டுக் கலைஞர் டேவிட் தத்துனா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க டேப்பைப் பிரித்து, பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். லட்சம் டாலர் வயிற்றுக்குள் போனதென்று கேமராக்கள் அலறின. காலரிக்காரர்கள் அலறவில்லை. சில நிமிடங்களில் இன்னொரு பழத்தை எடுத்து அதே இடத்தில் ஒட்டினார்கள். விற்றது பழமாக இருந்திருந்தால் அன்று ஒரு பெரும் வழக்கு பிறந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அன்று வாங்கியவர்களின் கைக்குப் போனது வேறொரு பொருள்.

ஒரு சான்றிதழ். கூடவே மாட்டும் முறை. நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு 2020இல் ஒருவர் பெயர் சொல்லாமல் கொடுத்த பிரதியோடு வந்தது 14 பக்கக் குறிப்பு: பழம் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துஷாம்பின் கையெழுத்து, கிளைனின் ரசீது, மன்ஸோனியின் லேபிள், மோரிஸின் நோட்டரி, லெவிட்டின் வரைபடம் எல்லாம் ஒரே தாளில் வந்து இறங்கியிருந்தன. பழம் பாதி, காகிதம் பாதி. பழம் அழுகும், காகிதம் அழுகாது. நூறு வருடம் மெல்ல மெல்லப் பிறந்துகொண்டிருந்த பொருள் அந்த அழுகாத பாதிதான்.

2024 நவம்பர் 20ஆம் தேதி அது தன் முழு உருவத்தைக் காட்டியது. நியூயார்க் சோதபீஸில் ‘காமெடியன்’ பிரதி ஒன்றுக்கு 8 லட்சம் டாலரில் ஏலம் தொடங்கி, 52 லட்சத்தில் சுத்தி விழுந்தது. கட்டணங்களோடு 62 லட்சம் டாலர், ஏறத்தாழ 52 கோடி ரூபாய். வாங்கியவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன். சுவரில் இருந்த பழத்தை அன்று ஒரு தெருவோரக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியிருந்தார்கள். விற்றவர் வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு முதியவர். கட்டெலானுக்கு அந்த ஏலத்திலிருந்து காசு கிடையாது. மறுவிற்பனை என்பதால் பணம் முந்தைய உரிமையாளருக்குப் போனது. 1971இல் சீகலாப் எழுதிய 15 சதவீதம் எவர் நினைவிலும் இல்லை. ஒன்பதாம் நாள் ஹாங்காங் ஹோட்டலில் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்துப் பழத்தைத் தின்றார் சன். அவருடைய சொத்தில் ஒரு சல்லி குறையவில்லை.

இத்தனை விலை தகுமா என்ற கேள்விக்கு இந்த நூறாண்டு வரிசையிலேயே விடை இருக்கிறது. சீண்டியவர்கள் சீண்டிய நாளில் பெரும்பாலும் பெற்றது வசைதான். பெரும்பணம் பின்னால் வந்தது. அதுவும் எண்ணியவரிடம் வராமல் காகிதம் வைத்திருந்தவரிடம் வந்தது. ரசீதை எரித்தவருக்கு இல்லை, எரிக்காதவருக்கு உண்டு. காகிதம் எழுதிக்கொள்ளாத ‘ஸ்வேதாம்பரி’க்கு விலையே இல்லை. ஆகவே 62 லட்சம் டாலரை ஓர் எண்ணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்ல முடியாது. ‘காமெடியன்’ நல்ல எண்ணம். கலைச் சந்தையை நோக்கிக் கலைச் சந்தைக்குள்ளேயே நின்று சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்துவிட்டது. பணம் போனது, இதுதான் அசல் என்று சொல்லும் தனியுரிமைக்கு.

அந்த உரிமைக்கு ஊர் வேண்டும். தகடூர் நாட்டு நடுகல்லின் சொல்லை ஏற்றுக் காத்தவர்கள் அந்த வீரனின் உறவும் ஊரும். அவர்கள் அதில் லாபம் பார்க்கவில்லை. சான்றிதழின் சொல்லைக் காப்பது சில காலரிகள், சில ஏலக்கூடங்கள், சில பணக்காரர்கள். அவர்கள் தலையாட்டும்வரை விலை நிற்கும். எனவே கருத்துருக் கலைக்கு அருங்காட்சியகத்தில் இடமும் பேச்சில் மதிப்பும் தகும். ஏல விலை என்பது அந்தச் சிறு வட்டம் நாளையும் தலையாட்டுமா என்பதன் மேல் கட்டிய பந்தயம். சன் அந்தத் தாளை விற்க வரும் நாளில் 62 லட்சத்துக்கு மேல் கேட்க ஒருவர் இருந்தால் பந்தயம் ஜெயித்தது. இல்லாவிட்டால் அவரிடம் மிஞ்சுவது சுவரில் வாழைப்பழம் ஒட்டுவது எப்படி என்று சொல்லும் குறிப்பு ஒன்றுதான். அதைப் படிக்காமலே அந்த வேலையைச் செய்ய எல்லோருக்கும் தெரியும்.